பிரதி வேண்டாம் என்ற கடிதம்

1. கடிதம் போட ஆளில்லாத சாமான்

ரிஸானா எங்கள் காணி அலுவலகத்துக்கு வந்த முதல் நாளே நான் அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். 2005ஆம் ஆண்டு. சமாதானம் என்று எல்லோரும் பெயர் வைத்திருந்த காலம். கிளிநொச்சியில் இருந்த அந்த அலுவலகத்தில் நான் நிர்வாக உத்தியோகத்தர். வன்னியின் குடியேற்றத் திட்டக் காணிகளில் யாருக்கு எந்தத் துண்டு என்பதைச் சொல்லும் கோவைகள் என் பொறுப்பில் இருந்தன. பாதியைக் கறையான் பொறுப்பெடுத்திருந்தது.

ரிஸானாவுக்கு முப்பது வயதிருக்கும். வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கணினிப் பொறியியலாளர். ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி, ஒரு சீடி இறுவட்டோடு வந்திருந்தார். அதில் ஒரு வெப் பிரேம்வேர்க் இருந்தது. பிரவுசரில் ஓடும் மென்பொருளைக் கட்டுவதற்கு முன்கூட்டியே போட்டுத் தரும் சட்டகம் அது. காணிப் பதிவேட்டை அதில் கட்டுவோம் என்றார்.

"எந்தக் கம்பனி செய்யிறது?" என்று கேட்டேன்.

"கம்பனி இல்லை சேர். உலகம் முழுக்க ஆக்கள் சேர்ந்து செய்யினம். உள்ளுக்க எழுதியிருக்கிற நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கு."

"பழுதாப் போனா ஆருக்குக் கடிதம் போடுறது?"

"ஒருத்தருக்கும் இல்லை. நாங்களே திறந்து பாத்துத் திருத்தலாம்."

"கடிதம் போட ஆளில்லாத சாமானை நாங்கள் எடுக்கிறேல்லை, பிள்ளை."

அவர் எழும்பவில்லை. என் பின்னால் இருந்த அலுமாரியைக் காட்டினார்.

"இருவது வருசத்தால நீங்களும் இருக்கமாட்டீங்கள், நானும் இருக்கமாட்டன். புதுசா வாற ஒராளுக்கு எந்தக் கோவை எங்க கிடக்கெண்டு ஆர் சொல்லுறது? உங்கட கோவை இலக்கம்தானே சொல்லும்? இதுவும் அப்பிடித்தான். ஒவ்வொண்டுக்கும் ஒரு இடம். மாத்தி வைக்க விடாது."

முப்பது வருட சேவையில் கோவை இலக்கத்தைப் புகழ்ந்த முதல் மனிதர் அவர். அன்றே அவர் பக்கம் சாய்ந்தேன்.

2. சாட்சி என்ற கட்டம்

அதன்பின் கூட்டத்துக்குக் கூட்டம் அந்தப் பிரேம்வேர்க்கைப் பற்றிப் பேசியவன் நான்தான். பெரிய வேலைக்கு, பல காலம் ஓடவேண்டிய வேலைக்கு இதுதான் சரி என்றேன். எங்கள் பணிப்பாளருக்குக் கொழும்பில் விலைக்கு விற்கும் ஒரு மென்பொருளில் கண்.

"சும்மா கிடைக்கிறதில என்ன நம்பிக்கை?" என்றார் அவர். "நாளைக்குத் திரையில விபரம் பதிய ஒரு புதுக் கட்டம் வேணுமெண்டா உவா எத்தனை மாசம் எடுப்பா?"

"என்ன கட்டம் வேணும் சேர்?" என்று ரிஸானா கேட்டார்.

பணிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். "பத்திரம் துலைச்ச ஆக்கள் வருவினம். அயலவன்ர சாட்சியைப் பதிய ஒரு இடம் போடும் பாப்பம்."

அன்று மாலை ஜெனரேற்றரை நிறுத்தும் நேரத்துக்கு முன் அந்தக் கட்டம் திரையில் இருந்தது. பணிப்பாளர் தேநீரைக் குடித்துவிட்டு ஒப்பமிட்டார்.

அந்தக் கட்டத்தில் முதலில் ஏறியது ரிஸானாவின் வாப்பாவின் காணி. 1990இல் முல்லைத்தீவிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது அவர்களும் புத்தளம் போனவர்கள். பத்திரம் வீட்டோடு போனது. இரண்டு ஏக்கர் வயலுக்கும் மிஞ்சியிருந்த ஒரே அத்தாட்சி, பக்கத்து வயல்காரர் கந்தையா. அவர் சைக்கிளில் வந்து என் முன் கதிரையில் இருந்து எல்லைகளைச் சொன்னார்.

"வடக்கால வாய்க்கால். கிழக்கால நான். வேற ஆரையும் கேக்கத் தேவையில்லை. அவர் போன பிறகு நான் வரம்பை ஒரு சாண்கூட அரக்கேல்லை. எழுதுங்கோ."

ரிஸானா தட்டச்சு செய்தார். நான் வாசித்து உறுதிப்படுத்தினேன்.

3. என் கடிதம்

பதிவேடு நிறைந்து வந்தபோது ரிஸானா ஒன்று கேட்டார். "இதில ஒரு பிரதி வவுனியாவிலயும் இருக்கட்டும் சேர். நாங்கள் ஒருக்கா எல்லாத்தையும் ஒரே இடத்தில வச்சிட்டுப் போன ஆக்கள்."

அலுவலக ஆவணம் அலுவலகத்தைவிட்டு வெளியே போகக்கூடாது. விதி அப்படி. நான் விதியை மேற்கோள் காட்டிக் கடிதம் எழுதினேன். பிரதி எடுக்க அனுமதி இல்லை என்ற அந்தக் கடிதத்துக்கு மூன்று பிரதிகள்: அவருக்கு ஒன்று, வவுனியாவில் அவருடைய நிறுவனத்துக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று.

"இதுக்கு மட்டும் மூண்டோ சேர்?" என்றார். சிரிக்கவில்லை.

"அது ஒழுங்கு, பிள்ளை" என்றேன்.

4. ஒரு கை

2008இல் சண்டை நெருங்கிக் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, பொலித்தீனில் சுற்றி, பிஸ்கற் ரின்னில் வைத்தேன். தருமபுரம், விசுவமடு என்று இடம்மாறிய ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே கையளிப்புப் படிவம் எழுதினேன். கந்தையா எறிகணைச் செல் விழுந்து இறந்துபோனார் என்று வழியில் யாரோ சொன்னார்கள்.

2009இல் போரின் கடைசி நாட்களில் நந்திக்கடல் தண்ணீருக்குள் இறங்கும்வரை ரின் என்னிடம் இருந்தது. தண்ணீர் நெஞ்சளவுக்கு வந்தபோது மனைவி காலிடறி விழுந்தார். என் ஒரு கையில் உடுப்புப் பை. அவரைப் பிடிக்க, ரின் இருந்த மற்றக் கை வேண்டியிருந்தது. பையை விட்டிருக்கலாம். அந்த நேரத்தில் எது எந்தக் கையில் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் படிவம் எழுதவில்லை.

5. வவுனியா

அகதி முகாமில் ரிஸானா என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். கூடாரத்துக்குள் மடிக்கணினியைத் திறந்தார். அதே திரை, அதே கட்டங்கள். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில்.

"நிரல் ஒரு வரி குறையாமல் இருக்கு சேர். உள்ளுக்க பதிஞ்ச ஆக்கள்தான் ஒருத்தரும் இல்லை" என்றார்.

டிஸ்க் போன விதத்தைச் சொன்னேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் கடிதம். என் கையொப்பம். அந்த அலுவலகத்திலிருந்து தப்பிய ஒரே ஆவணம் அதுதான். காரணமும் எனக்குத் தெரிந்ததே: அதற்கு மட்டும்தான் பிரதி எடுத்திருந்தேன்.

"வாப்பா என்ன சொல்லுறார்?"

"அவருக்கு ஒண்டும் தெரியாது. காணி பதிஞ்சிருக்கோ எண்டு போனில கேப்பார். ஓம் எண்டுவன்."

இளம் உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இருபது வருடம் வாழக்கூடிய மென்பொருள் என்று ஊரெல்லாம் பேசினேன். அதற்குள் இருந்த மனிதர்களுக்கு ஒரேயொரு இடம் கொடுத்தேன், அதுவும் என் கை.

ரிஸானா புதுப் பதிவொன்றைத் திறந்து வாப்பாவின் பெயரைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கந்தையா அண்ணர் சொல்லேக்க நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள்தானே சேர்? சாட்சி எண்ட இடத்தில உங்கட பேரைப் போடட்டோ?"

கோவையைக் கையாண்ட உத்தியோகத்தர் அதே கோவைக்குச் சாட்சியாக முடியாது. செத்தவர் சொன்னதை இன்னொருவர் வந்து சொன்னால் எந்த விசாரணையிலும் நிற்காது. அந்த விதிகள் எனக்கு மனப்பாடம். அவருக்கும் தெரிந்திருக்கும்.

"போடும், பிள்ளை" என்றேன். "வடக்கால வாய்க்கால். கிழக்கால கந்தையா."