நோய்க்கு வயது ஏழு மாதம்

மாசி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, ஞானமணி தன் கணவன் பாக்கியராசாவை வாழைச்சேனையில் பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஊருக்குச் சொன்னது பல்லுவலி.

பாக்கியராசா வாவியில் மீன் பிடிப்பவர். தோணியில் தனியே நிற்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஆண்கள் கிரிக்கெட் வர்ணனை போல அவரைப் பற்றியே கதைத்தார்கள். "இந்தா, வலையை எடுக்கிறான். எறியிற வடிவைப் பாரு!" குரல்களுக்குக்கூட அவர் பயப்படவில்லை, நக்கலைத்தான் தாங்க முடியவில்லை. தோணியைக் கரையேற்றிவிட்டார்.

தாதிப் படிப்பை அரைவாசியில் விட்ட அயல்வீட்டுச் சுதர்சனா சொல்லியிருந்தாள்: "ஒரு மாசத்துக்குள்ள எண்டா நோய்க்குச் சின்னப் பேர், மாமி. ஆறு மாசம் தாண்டினா மனச்சிதைவு எண்டுதான் எழுதுவாங்க." அந்தப் பேர் விழுந்தால் மனிசன் வீடு திரும்பமாட்டார் என்று ஞானமணி நம்பினாள். பஸ்ஸிலேயே நோயின் வயதைக் குறைத்துவிட்டாள்.

டொக்டர் முப்லிஹா குடி, கஞ்சா, காய்ச்சல், தலையில் அடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்கினார். பிறகு, "எப்ப துவங்கின?"

"ரெண்டு கிழமை," என்றாள் ஞானமணி.

"பொய் சொல்லாதகா," என்றார் பாக்கியராசா. "ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அடுத்த நாள். மூண்டு மணலை மீன்தான் பட்டது."

"நோய்க்கார மனிசன், டொக்டர். இவருக்கு என்ன நாள் கணக்குத் தெரியும்?"

"நோய் எனக்குத்தானேகா? எனக்குத் தெரியாம எப்பிடி வரும்?"

டொக்டர் பேனையை வைத்தார். "நான் ஆருக்கு மருந்து எழுதுற?"

பிறகு ஞானமணியின் பக்கம் திரும்பினார். "ரெண்டு கிழமை எண்டு நம்பினா மருந்தைக் கெதியா நிப்பாட்டிருவன். அந்தக் குரல்காரனுகள் திரும்ப வந்திருவானுகள். பேர் எதுவெண்டாலும் இவர் இண்டைக்கே வீட்ட போகலாம்."

ஞானமணி சேலைத் தலைப்பைத் திருகினாள். "அவர் சொன்ன நாள்தான் சரி. அண்டைக்குச் சோத்தைத் தொடல்ல."

பெரிய பேர்தான் எழுதப்பட்டது. மாதாமாதம் கிளினிக். "எத்தினை பல்லு புள்ள உன்ட மனிசனுக்கு?" என்று மீன் யாவாரி உசனார்கூடக் கேட்டுவிட்டார்.

ஐப்பசியில் ஒரு காலை, வாவியிலிருந்து அவளுடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது: "கிளினிக் குளிசை போட்டுட்டன். விடிஞ்சதில இருந்து தோணியில நான் தனியத்தான். சோறு வை, வாறன்."