தலையில் காந்தம் வைக்கிற வேலை

எங்கள் தொழிலில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை, மண்டை ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. இருந்தும் கருவியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் எனக்கு ஒரு சின்ன அறை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், எட்டு என்ற எண்ணைப்போல வளைந்த ஒரு காந்தச் சுருள். மறதி நோய் வந்தவர்களில் சிலர் அடிப்பார்கள், கடிப்பார்கள், பூட்டிய கதவை உலுக்குவார்கள், தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். இதைக்கூட நீங்கள் நாலு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் படித்து முடிப்பீர்கள். மருந்துக்கு அடங்காத சிலரை, பலதடவை யோசித்த பிறகு, எங்கள் டாக்டரம்மா என்னிடம் அனுப்புவார். போன ஞாபகம் இதில் திரும்பாது, அந்தக் கொந்தளிப்பு தணிகிறதா என்று மட்டும் பார்க்கலாம், இதுவும் இன்னும் சோதித்துப் பார்க்கிற வைத்தியம்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். அதற்கப்புறம் நானும் அந்தத் தலையும்தான்.

கட்டை விரல்

சிகிச்சை தொடங்குவதற்கு முன், அந்த ஆளுக்கு எவ்வளவு பலம் வைக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். தலையின் இடது பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே சுருளை வைத்துக் காந்தத்தால் ஒரு தட்டுத் தட்டினால் வலது கைக் கட்டை விரல் தானாகத் துள்ளும், எந்தப் பலத்தில் துள்ளுகிறதோ அதுதான் அளவு. படத்தில் பார்க்கச் சுலபம். நிஜத் தலையில் அந்த இடத்தைத் தேடுவது, இருட்டறையில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி.

எனக்கு முதல் முதலாக அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் ரங்கநாயகி அம்மா. பீளமேட்டில் வீடு, கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயரானவர். வீட்டுக்குள் பேச்செல்லாம் தெலுங்கு. ஆனால் சில மாதமாக எந்தப் பாஷையிலும் அவரைக் குளிக்கக் கூப்பிட முடியவில்லை. பக்கத்தில் போனாலே கையில் கிடைத்ததை எறிந்துகொண்டிருந்தார். கணவர் அவரது இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வலது கையைத் தலையணைமேல் வைத்துவிட்டு நான் தேடினேன். டக். ஒன்றுமில்லை. ஒரு விரற்கடை பின்னால் நகர்த்தினேன். டக். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் மேலே. டக்.

கட்டை விரல் துள்ளியது. ரங்கநாயகி அம்மா அந்த விரலை யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை தட்டச் சொன்னார். மறுபடியும் விரல் துள்ளியது. "நாப்பத்தெட்டு வருசமா இந்தக் கையைப் பாத்துட்டிருக்கறனுங்க. அவ சொல்லாம அது அசைஞ்சதை இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்" என்றார்.

மாஸ்டர்

அடுத்து, ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக முப்பது வருஷம் இருந்த பெரியவர். சாயங்காலமானால் ஷிப்டுக்கு நேரமாச்சு என்று கிளம்புவார். தடுத்தால் அடி. "தள்ளியே நில்லுங்க மேடம், அப்பா அடிச்சுப்போடுவாரு" என்று மகன் வாசலிலேயே எச்சரித்தார். அந்த மகனை அவர் சூப்பர்வைசர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

காதில் பஞ்சடைப்பான் வைத்துச் சுருளை ஓடவிட்டேன். டக் டக் டக் டக். உதறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. தலையைச் சாய்க்காமல், கண்ணை மட்டும் மூடி, இருபது நிமிஷம் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். காந்தத்தின் மகிமை என்று நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "முதல் நாளே காந்தம் ஒன்றும் செய்யாது, இந்தச் சத்தத்தில் அவர் மில் மெஷினைக் கேட்கிறார்" என்றார் டாக்டரம்மா. மூன்றாவது வாரத்திலிருந்து வீட்டிலும் சாயங்காலம் அமைதியாக உட்கார ஆரம்பித்தார். அது காந்தமா, சத்தமா, யாருக்கும் தெரியாது.

ஆனால் இதைக் கேளுங்கள். ஒருநாள் எழுந்து போகும்போது, சுருளைக் குளிரவைக்கிற பெட்டியைக் காட்டி, "ஏனம்மணி, உள்ளே ஒரு பேரிங் தேஞ்சுபோச்சு, பாக்கச் சொல்லுங்கொ" என்றார். எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. மனசு கேட்காமல் சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்தேன். அவர் மூடியைக் கழற்றி, ஃபேனை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்: "இதை யாருங்க மேடம் கண்டுபிடிச்சது? கழட்டிப் பாத்த எனக்கே இப்பத்தான் தெரியுது."

ஒரு அடி

கோபி என்கிற ஊர்ப் பக்கமிருந்து வந்தவர், கரும்பு விவசாயி. மூன்று மாதமாகச் சோற்றுத் தட்டைக் கண்டாலே மூர்க்கம். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. வாயை மட்டும் யாருக்கும் திறந்து காட்ட மாட்டார். அளவெடுக்கும் தொப்பியை மாட்டி, தாடைக்கடியில் பட்டையை இழுத்தேன். விட்டாரே ஒரு அறை! என் மூக்குக்கண்ணாடி ஜன்னலோரம் போய் விழுந்தது.

சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா, எனக்கு அடிபட்டதா என்று கேட்டார். அடுத்த கேள்வி, "எந்தப் பக்கம் தொட்டீங்க?" வலது பக்கம். கொஞ்சம் மயக்க மருந்து கொடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தால், வலது கடைவாய்ப் பல் அடிவரை சொத்தை, ஈறெல்லாம் சீழ். பல்லைப் பிடுங்கிய நாலாம் நாள் அவர் அமைதியாக இரண்டு இட்லி சாப்பிட்டார். என் காந்தம் உறையைவிட்டு வெளியே வரவே இல்லை. அவர் மனைவி அழுதுகொண்டே சொன்னது இது: "வலிக்குதுன்னு சொல்ல வார்த்தை இல்லாம, மூணு மாசமா எங்களை அடிச்சே சொல்லிட்டிருந்திருக்காருங்க."

முப்பது நாள்

எதுவும் பலிக்காத கதையையும் சொல்லத்தான் வேண்டும். அவிநாசியிலிருந்து ஒரு மகன், பஸ் டிரைவர், தன் அம்மாவைத் தினமும் கூட்டி வருவார். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். அந்த அம்மா வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வருவார், என் நாற்காலியில் உட்கார்ந்து திட்டுவார், போகும்போதும் திட்டுவார். அப்படிப்பட்ட வசவுகளை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கடைசி நாள், கொந்தளிப்பு எவ்வளவு என்று தாளில் மதிப்பெண் போட்டுப் பார்த்தோம். முதல் நாள் எப்படியோ அப்படியே. அந்த மகனின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. மன்னிச்சுக்குங்க என்றேன். அவர் அம்மாவின் சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி சொன்னார்: "திட்டறது நிக்கலீங்க. ஆனா இன்னமும் எம்பேரைச் சொல்லித்தானுங்க திட்டறாங்க."

சின்ன வெடிப்பு

சத்தியமங்கலம் பக்கம் வாழைத் தோட்டம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்தபோது, அவர் உயிருக்கே ஆபத்து. தூக்கமில்லை, தண்ணீர்கூட இறங்கவில்லை, குரல் போய்க் காற்றாகக் கத்திக்கொண்டிருந்தார். சாப்பாடு ஊட்டப்போன மருமகள் கவிதாவின் கையைப் பற்கள் பதியக் கடித்திருந்தார். காந்தத்துக்குக் காத்திருக்க நேரமில்லை, மயக்கம் கொடுத்துச் செய்கிற மின்சிகிச்சைதான் என்றார் டாக்டரம்மா. மகன் எழுந்துவிட்டார். "கரண்ட் வெக்கறதா? எங்கப்பனுக்கா? வேண்டாமுங்க, ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயர்றோம்." கவிதாதான் கணவரின் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். "ஊட்டுக்குப் போனா இந்த வாரம் தாங்க மாட்டாருங்க. நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றார்.

மூளையின் அலைகளைத் தாளில் வரைந்து காட்டுகிற ஒயரை நெற்றியில் ஒட்டுவது என் வேலை. மயக்க மருந்து ஏறியதும், எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகம் தளர்ந்தது. டாக்டரம்மா பொத்தானை அழுத்தினார். உடம்பு துள்ளவில்லை, கால் பெருவிரல் மட்டும் லேசாக நடுங்கியது. ஆனால் தாளில் கோடுகள் மலை மலையாக எழுந்தன. அரை நிமிஷத்துக்கும் கொஞ்சம் மேல். பிறகு சட்டென்று ஒரே சமவெளி. நான் மூச்சு விடவில்லை. சமவெளியில் சின்னச் சின்ன அலைகள் திரும்ப வந்தன. ஒரு மனிதருக்குள் வெடித்து, அடங்கி, மறுபடியும் ஊற்றெடுத்ததை நான் தாளில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது சிகிச்சைக்குப் பிறகு தூங்கினார். நாலாவதுக்குப் பிறகு கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். ஆறாவது முடிந்த மறுநாள் காலை நான் வார்டில் இருந்தேன். கவிதா ரசம் சாதம் பிசைந்து நீட்டினார். பெரியவர் அந்தக் கையையே பார்த்தார். காயம் ஆறி, வட்டமாகத் தழும்பு. மெதுவாகத் தடவிப் பார்த்து, "இதென்ன கண்ணு, நாய் கடிச்சுப்போடுச்சா?" என்றார். மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கவிதா அடுத்த உருண்டையைப் பிசைந்தபடியே சொன்னார்: "ஆமாங்க மாமா. ஆறிப்போச்சுங்க, நீங்க சாப்பிடுங்க."

எட்டு வருஷமாக மனித மூளைக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தும், உள்ளே என்னதான் நடக்கிறது என்று யாராவது கேட்டால் நான் டாக்டரம்மாவைக் கை காட்டுகிறேன், டாக்டரம்மா மேலே விட்டத்தைப் பார்க்கிறார்.