கண்ணாடி முன் படித்த பேச்சு

ஒன்பதாம் வகுப்பில் நான் யார் முகத்தையும் பார்க்கமாட்டேன், பேசவும் மாட்டேன். எட்டயபுரத்திலிருந்து வந்த வாத்தியார் எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்: முகத்தைப் பார், சிரி, "எங்க போறிய?" என்று கேள். ஒரு வாரம் கண்ணாடியிடம் கேட்டேன். பக்கத்து பெஞ்சுக்காரன் எனக்குச் சிநேகிதனாக வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

விடியற்காலையில் அவனும் அவன் அப்பாவும் வள்ளத்தைக் கடலில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் அருகே போய் நின்றேன். பார்த்தேன், சிரித்தேன், கேட்டேன்:

"எங்க போறிய அண்ணாச்சி?"

கடலுக்குப் போகிறவரிடம் அப்படிக் கேட்டால் அன்றைய தொழில் விளங்காது என்பது கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். கடைக்காரர் மகனான எனக்குத் தெரியாது.

"ஊமையா இருந்த பய இன்னைக்கா வாயத் தொறக்கணும்? வள்ளத்தக் கரையில ஏத்துலே!" என்று மகனைப் பார்த்துக் கத்தினார் அப்பா.

மகன் அதன்பிறகு என்னோடு பேசவேயில்லை. வாத்தியார்தான் முதுகில் தட்டினார்: "முகத்தப் பாத்துக் கேட்டியா? அப்போ தேறிட்டலே!"