வீட்டுக்குள்ளே எதற்குக் குல்லா?

சென்ற தை மாதம், கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என்னைப் பெண் பார்க்கப் பழனியிலிருந்து வருகிறார்கள். நானோ முந்தின நாள்தான் மொட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறேன்!

காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். மதுரையில் வைத்தியம். நான் கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்ப்பவள். ஜீன்ஸ், ஸ்கூட்டி, கலர் அடித்த முடி. கோயிலுக்குக் கூப்பிட்டால் லீவு இல்லை என்பேன். அப்படிப்பட்ட நானே ஆஸ்பத்திரி வராந்தாவில், "முருகா, அம்மா பிழைத்து வந்தால் என் முடி உனக்கு" என்று வேண்டிக்கொண்டேன்.

மருந்தில் அம்மாவின் முடி முழுக்கக் கொட்டிவிட்டது. ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பக்கத்து வீட்டு அத்தை, "என்ன மதினி, பழனிக்கு மொட்டையா?" என்று கேட்டார். அம்மா சட்டென்று தலையை ஆட்டிவிட்டாள். எங்கள் பக்கம் மொட்டைத் தலையைப் பார்த்தால் யாருக்கும் வேறெதுவும் தோன்றாது. முடி வளரும்வரை கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு திரிந்தாள். இந்தக் குளிரில் அதை யார் கேட்கப்போகிறார்கள்? தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று பேசுவார்கள், எனக்கு வரன் அமையாது என்பதுதான் அவளுக்குப் பயம். அப்பாவும் நானும் வெளியே மூச்சு விடக்கூடாது.

இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன சமயத்தில்தான் இந்த வரன் வந்தது. மாப்பிள்ளை பழனி அடிவாரத்தில் கடை வைத்திருக்கிறார். போனில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"இப்ப பூமுடி மட்டும் குடுத்துரு. மொட்டையக் கல்யாணத்துக்குப் பெறகு பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. நுனி முடியைக் கொஞ்சம் கத்தரித்துக் கொடுப்பதுதான் பூமுடி. பெண்களுக்கு அது போதும் என்று வழக்கமே உண்டு.

"பெறகுன்னா இன்னொரு வீட்டுல கேட்டுத்தான குடுக்கணும்? இப்ப இது என் முடிம்மா."

"எதுக்கு மொட்டைன்னு கேப்பாங்களேடி, என்னத்தச் சொல்ல?"

அவள் பயந்தது அந்தக் கேள்விக்குத்தான் என்று அப்போது புரிந்தது. புரிந்தும் என்னால் விட முடியவில்லை. சாமியிடமே தள்ளுபடி கேட்பதா?

பழனியில் முடி இறக்குபவர், "பூமுடியா, மொட்டையாம்மா?" என்றார். அம்மா "பூமுடி" என்க, நான் "மொட்டை" என்க, அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "வெரசா ஒண்ணு சொல்லுங்க. பின்னால ஆளு நிக்கிது." நான் தலையைக் குனிந்துகொண்டேன். மலையேறிச் சாமி கும்பிட்டு வீடு திரும்பும் வரையில் அம்மா என்னோடு பேசவில்லை.

மறுநாள் அவளே தன் குல்லாவை எடுத்து என் தலையில் மாட்டினாள். சளி என்று சொல்லிக்கொள்ளலாமாம். பட்டுப்புடவை, ஜிமிக்கி, மேலே கம்பளிக் குல்லா. கண்ணாடியைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. ஆசையாக மல்லிகைச் சரம் கொண்டுவந்திருந்தார். "வீட்டுக்குள்ள எதுக்கும்மா குல்லா? கழட்டு, பூ வச்சு விடுறேன்" என்றார்.

கழற்றினேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலை. அவர் கையில் பூ அப்படியே நின்றுவிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, "முருகனுக்கா? நல்லதுதான். என்ன வேண்டுதலு?" என்றார்.

வேலைக்காக என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் கோயிலுக்குக் கொடுத்த முடிக்குப் பொய்க் கணக்குச் சொல்ல மனசு வரவில்லை. உண்மையைச் சொல்லவோ எனக்கு உரிமையில்லை, அது அம்மாவுடையது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். காபித் தட்டோடு நின்ற அம்மா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் புத்துநோய் வந்துச்சுங்க. நான் பொழைக்கணும்னு எம் மக வேண்டிக்கிட்டா" என்றாள்.

பூவைச் சாமி படத்துக்குச் சாத்திவிட்டு, காபியும் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. மாப்பிள்ளையிடமிருந்து மட்டும் அன்று ராத்திரியே போனில் 'ஸாரி' என்று ஒரு மெசேஜ் வந்தது. வீராப்பாகத் திரிந்தவள்தான், அன்றைக்குக் குப்புறப் படுத்து அழுதேன்.

மறுநாள் வெள்ளனே அந்த அத்தை என்னைப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, மகளுக்கும் மொட்டையா?" என்றார்.

"இவளுக்குத்தான் மொட்டை. எனக்கு அன்னைக்கு மருந்துல கொட்டுனது மதினி" என்றாள் அம்மா, கூசாமல்.

அத்தை வாசலிலேயே நின்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். "எனக்கும் ஒரு கட்டி கெடக்கு மதினி. ரொம்ப நாளா. யார்ட்டச் சொல்லன்னு தெரியல" என்று அவர் அழுதது எனக்குக் கேட்டது.

அடுத்த பஸ்ஸிலேயே அம்மா அவரை மதுரைக்குக் கூட்டிப்போனாள். இப்போது அந்தக் குல்லா அத்தையின் தலையில் இருக்கிறது. யார் கேட்டாலும் பழனி மொட்டை என்று அவர் சொல்வதில்லை.

என் முடி காதுவரை வந்துவிட்டது. மறுபடியும் வரன்கள் வருகின்றன. காபி கொடுப்பதற்கு முன்னாலேயே அம்மா விஷயத்தைச் சொல்லிவிடுகிறாள். போன சம்பந்தத்தை நினைத்தால் இன்னமும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்றைக்கு நான் பூமுடியோடு திரும்பியிருந்தால், அத்தை அந்தக் கட்டியை யாரிடம் சொல்லியிருப்பார்?