உப்புப் போடாத பானை

போன சனிக்கிழமை டோர்ட்மண்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஆபிரிக்கக் கடைக்குக் கறிவேப்பிலை தேடிப் போனேன். திரும்பும்போது கையில் கறிவேப்பிலை இல்லை. உடைத்த வெள்ளைச் சோளம் ஒரு பை இருந்தது. மனைவி பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னப்பா, கோழி வளக்கப் போறியளோ?"

பதில் நீளமானது. அவளுக்கு அன்று நேரமில்லை. உங்களுக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். சோளம் இப்போது பன்றி இறைச்சித் துண்டுகளோடு அடுப்பில் இருக்கிறது. மூன்று மணித்தியாலம் கிண்ட வேண்டும். ஓரிடத்தில் மூன்று நிமிடம் நிற்கத் தெரியாதவன் நான். ஒரு பந்தி எழுதுகிறேன், எழும்பிப் போய்க் கிண்டுகிறேன், வருகிறேன். எழுத்தும் அப்படித்தான் அங்குமிங்குமாக இருக்கும்.

மணம் வரத் தொடங்கிவிட்டது. மழையில் நனைந்த சணல் சாக்கை அடுப்படியில் காயப்போட்டது போல ஒரு மணம். அதற்கு அடியில் எனக்கு மட்டும் இன்னொன்றும் மணக்கிறது: பலகைத் தரையில் ஊறிப்போன பழைய பியர்.

நான் ஜெர்மனிக்கு வந்த புதிதில் எங்களைத் தங்கவைத்த அகதி ஹைம் ஒரு காலத்தில் சாராய விடுதியாக இருந்தது. பிராங்க்ஃபர்ட்டுக்கு வடக்கே ஒரு சிறிய நகரம், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. விடுதிக்காரர் போய்விட்டார், மான்கொம்புகள் சுவரிலேயே நின்றன. அவற்றில் எங்கள் சேட்டுகள் காய்ந்தன. இருபது பேர் இருந்தோம். வேலை செய்யக்கூடாது, மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. எனக்குப் பத்தொன்பது வயது. கால் இரண்டும் கேட்காது. தினமும் மாவட்ட எல்லைப் பலகை வரைக்கும் நடப்பேன், கையால் அதைத் தொடுவேன், திரும்பி வருவேன். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் கோட்டைத் தொட்டுத் திரும்பி ஓடுகிறவனைப் போல. பரிசு தர மட்டும் ஆளில்லை.

அந்த நடையில்தான் தெருமுனைச் சலவைக் கடைக்குள் போனது. எட்டுப் பேருடைய வெள்ளைச் சேட்டுகளை ஒரு சிவப்புச் சாரத்தோடு சேர்த்து மெசினுக்குள் போட்ட கெட்டிக்காரன் நான்தான். எட்டும் ரோசா நிறத்தில் வெளியே வந்தன. பக்கத்து வாங்கில் இருந்த கறுப்பினப் பெண் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அமெரிக்க இராணுவ முகாமில் ட்ரக் ஓட்டுபவள், பெயர் வெர்னா. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஆங்கிலத்தில்தான் பேசினோம். ஆனால் அவள் சொன்னதெல்லாம் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"பிழையில்லை. எட்டுப் பேரும் ஒரே சாதி எண்டு தெரியும்" என்றாள்.

பகிடிதான். எனக்கு ஏனோ சுருக்கென்றது.

வெர்னாவின் ஊர் ஒக்லஹோமாவின் தெற்கே. தன் வீட்டில் சொக்டோ மொழிப் பாட்டும் சிக்கசோச் சாப்பாடும் என்றாள், இரண்டும் செவ்விந்திய இனங்கள். நான் அவளை மேலும் கீழும் பார்த்தேன். யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் குதிரையும் இறகுமாகச் செவ்விந்தியரைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த நகரத்து ஜெர்மன்காரரும் அப்படித்தான். அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. கோடையில் வயலில் கூடாரம் அடித்து, தலையில் இறகு செருகி, முகத்தில் சாயம் பூசி உட்கார்ந்திருப்பார்கள். அந்த வயலோரமாக வெர்னா தன் ட்ரக்கை ஓட்டிப்போவாள். ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

(போய்க் கிண்டிவிட்டு வருகிறேன்.)

ஹைமின் பெரிய அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதிக் காலத்து இரும்பு அடுப்பு, ஆறு வாய். அதைச் சுற்றித்தான் எங்கள் ராச்சியம். சமையல் கூட்டு மூன்று, ஒவ்வொருவனுக்கும் அதில் ஏதாவது ஒன்றில் இடம். புதிதாக ஒருவன் வந்தால் எங்களில் மூத்தவரான நடேசண்ணை முதலில் தேத்தண்ணி கொடுப்பார். பிறகு கேட்பார்: "தம்பி எந்த ஊர்? ஊரிலை எவடம்? கோயிலுக்கு எந்தப் பக்கம்?" மூன்றாவது பதிலோடு அவன் எந்தக் கூட்டு என்று முடிவாகிவிடும். வாயால் ஒருவரும் எதையும் சொல்வதில்லை.

தவராசா, நான் கூப்பிடுவது தவம், எந்தக் கூட்டிலும் இல்லை. ஆறாவது வாயில் ஒரு சின்னப் பானை வைத்துத் தனியாகச் சமைப்பான். அவனும் நானும் ஒரே ஊர், ஒரே வகுப்பு. அவன் வீட்டுக்கு நான் போனதில்லை, என் வீட்டுக்குள் அவன் வந்ததில்லை. அவனுடைய தகப்பன் எங்கள் வளவில் தென்னை ஏறுவார். "கந்தன், ரெண்டு இளநி பிடுங்கு" என்று ஏழு வயதில் நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். என் தகப்பனைவிட மூத்த மனிதர் அவர்.

ஜெர்மனிக்கு வந்த பிறகுதான் தவம் என்னை "நீ" என்று கூப்பிட்டான். அது எனக்குப் பிடித்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் அவன் என்னிடம் வந்தான். அசூல் என்ற தஞ்ச விசாரணைக்கு நாள் குறித்து டெர்மின் வந்திருந்தது. பிறப்புப் பத்திரம் இல்லை, வீட்டோடு எரிந்துவிட்டது. அவன் வடக்கைச் சேர்ந்தவன்தான் என்பதையே நம்ப மறுக்கிறார்கள், தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் உதவும் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

"ஒரு கடிதம் மச்சான். என்னோடை படிச்சனீ, இன்னாற்றை மகன் எண்டு. அவ்வளவுதான்."

"பாப்பம்" என்றேன்.

அந்தப் "பாப்பம்" மூன்று கிழமை நீண்டது. நடேசண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். "உனக்கேன் தேவையில்லாத வேலை? நாளைக்கு உன்ரை கேசையும் அதோடை சேத்துக் கிண்டுவாங்கள்." பயம் உண்மைதான். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று இப்போது உங்களிடம் எழுத எனக்குக் கை வரவில்லை. நான் இன்னும் கூடுதலாக நடந்தேன். பலகையை ஒரு நாளில் இரண்டு தடவை தொட்டேன்.

அந்த நாட்களில் வெர்னாவுக்கு ஊரிலிருந்து ஒரு பார்சல் வந்தது: உடைத்த வெள்ளைச் சோளம். அவளது அறையில் இருந்தது ஒற்றை மின்னடுப்பு. "உங்கடை அடுப்பைத் தாவன்" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை பெரிய பானையும் நீண்ட மரத் துடுப்புமாக வந்து இறங்கினாள். அதற்குப் பெயர் பஷோஃபா. சோளம், பன்றி இறைச்சி, தண்ணீர், வேறொன்றும் இல்லை. ஊரில் கூட்டம் கூடினால் முற்றத்தில் இரும்புப் பானை வைத்து முறைபோட்டுக் கிண்டுவார்களாம். நடேசண்ணை பன்றி வாசம் தாங்காமல் மேல்மாடிக்குப் போய்விட்டார். நானும் முறைக்குத் துடுப்பைப் பிடித்தேன்.

தவம் மூலையில் தன் பானையோடு நின்றான்.

"அவர் ஏன் தனிய?" என்று வெர்னா மெல்லக் கேட்டாள்.

"அவருக்கு உறைப்புக் கூட வேணும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு, கிண்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

சொக்டோக்களும் சிக்கசோக்களும் உறவுக்கார இனங்கள், கிட்டத்தட்ட ஒரே பாஷை. மிசிசிப்பிப் பக்கத்துக் காடுகளிலிருந்து அவர்களை மேற்கே துரத்தினார்கள். வழியெல்லாம் சாவு. துரத்தப்பட்டவர்கள் தங்களோடு அடிமைகளையும் கூட்டிக்கொண்டுதான் நடந்தார்கள். வெர்னாவின் பூட்டி, ஒரு சிக்கசோ வீட்டில் அடிமையாக இருந்த தாய்க்கும் ஒரு சொக்டோத் தகப்பனுக்கும் பிறந்தவள். அந்தப் பாஷையிலேதான் அழுதவள், பாடினவள். பிறகு அரசாங்கம் ஆட்களை இடாப்பில் பதிய வந்தது.

"ரெண்டு கூடாரம் அடிச்சவங்கள். இரத்த உரித்துள்ளவைக்கு ஒண்டு, அடிமையாய் இருந்தவைக்கு மற்றது. பூட்டியின்ரை தம்பி, வேறை தாய்க்குப் பிறந்தவன், முதல் கூடாரத்துக்குள்ளை போனவன். அதே தேப்பன். பூட்டியின்ரை முகத்தைப் பாத்துப்போட்டு மற்றக் கூடாரத்தைக் காட்டினவங்கள். அவ தன்ரை தேப்பன்ரை பேரை வாயிலை வைச்சுக்கொண்டு நிண்டவ. எழுதினவன் கேக்கவே இல்லை."

"இப்ப?"

"இப்ப அவன்ரை பேரப்பிள்ளையளிட்டை அந்த இனத்தின்ரை அட்டை இருக்கு. எங்களிட்டை இல்லை. ஒரே றோட்டிலைதான் இருக்கிறம். ஒரே பாட்டைத்தான் பாடுறம். பஷோஃபா ஆர் நல்லாக் கிண்டுறது எண்டு போட்டியும் இருக்கு" என்று சிரித்தாள். "அந்த இடாப்பிலை பேர் இல்லாட்டி நான் ஆரும் இல்லை."

வெந்ததும் முதல் கிண்ணத்தைத் தவத்துக்குக் கொடுத்தாள். உப்பு இல்லை. உப்புப் போத்தலை அவன் பக்கத்தில் வைத்தாள். "உப்பு நான் போடமாட்டன். உனக்கு எவ்வளவு வேணுமெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" மூவரும் அடுப்போரமாக நின்று சாப்பிட்டோம். சைவக் குடும்பத்துப் பிள்ளை நான். அன்று பன்றி தின்றேன். அந்த வாய் அதுவரை தவத்தின் பானையிலிருந்து ஒரு பிடி சோறு தின்றதில்லை.

(அடிப்பிடிக்கப் பார்க்கிறது. ஒரு நிமிடம்.)

அன்றைக்கே கடிதத்தை எழுதினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்து, என் வாழ்க்கையின் முதல் ஜெர்மன் கடிதம். இன்ன ஊர், இன்ன பாடசாலை, இன்ன வகுப்பு, எனக்குச் சிறுவயது முதல் தெரிந்தவன், கந்தன் என்பவரின் மகன். தவத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தெரிந்து மகிழட்டும் என்றொரு பெரியமனிதத்தனம். மறுநாள் நானே வக்கீல் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வரும்போது என் நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அன்று பலகையைத் தொடக்கூடப் போகவில்லை.

விசாரணை முடிந்து சில மாதத்தில் தவத்துக்குக் கடிதம் வந்தது. ஹைமில் ஓரளவு ஜெர்மன் வாசிக்கக்கூடியவன் நான் என்பதால் என்னிடம்தான் கொண்டுவந்தான். அடுப்படியில் நின்று வாசித்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. காரணங்கள் வரிசையாக இருந்தன. நாலாவதில் என் பெயர். விண்ணப்பதாரரைச் சிறுவயது முதல் அறிந்ததாகச் சொல்லும் சாட்சி, அவரது தந்தையாகக் குறிப்பிடுவது விசாரணையில் அவர் சொன்ன பெயரை அல்ல, வேறொரு பெயரை. ஆகவே இருவரும் ஒரே ஊரினர் என்பதை நம்ப இடமில்லை.

"என்ன எழுதினனீ?" என்று தவம் கேட்டான்.

"கந்தன் எண்டு."

அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது நீங்கள் கூப்பிட்ட பேர். அப்பான்ரை பேர் கந்தசாமி. பதிவுகாரன் சாமி எல்லாம் உங்களுக்கு ஏன் எண்டு வெட்டி எழுதினவன். அப்பா மூண்டு தரம் நடந்து திருத்தினவர். நாலாந்தரம் என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் புத்தகத்திலை காட்டினவர், பாரடா எண்டு."

எங்கள் வகுப்பு இடாப்பில் அவன் "க. தவராசா". அந்த "க" வேறொன்றாக இருக்கும் என்று பத்து வருடம் ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

"நான் நல்லதுக்குத்தான்..."

"ஓம். தெரியும்." கடிதத்தை மடித்துச் சேட்டுப் பையில் வைத்தான். அது சலவையில் ரோசா நிறமாகிப்போன சேட்டுகளில் ஒன்று. நடேசண்ணை வேண்டாமென்று கழித்ததை அவன் எடுத்துப் போட்டிருந்தான். "கேட்டிருக்கலாமே மச்சான். பக்கத்து அறையிலைதானே இருந்தனான்."

நான் அந்த மணித்தியாலமே வக்கீலிடம் ஓடினேன். திருத்தி ஒரு கடிதம், விளக்கி ஒரு கடிதம். சொன்னதை மாற்றிச் சொல்லும் சாட்சிக்கு இன்னும் மதிப்புக் குறைவு என்றார் அவர். வெர்னாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சலவை மெசினின் வட்டக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீயும் கூடாரத்தைக் காட்டிப்போட்டாய்" என்றாள். அந்த மாரியிலேயே மாற்றலாகிப் போனாள். அதற்கு முன்பே ஒரு காலை தவத்தின் கட்டில் வெறுமையாக இருந்தது. சின்னப் பானை கழுவி, ஆறாவது வாயில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நடேசண்ணை உட்பட ஒருவரும் அதை எடுக்கவில்லை. எனக்கும் துணிவு வரவில்லை.

சோளம் வெந்துவிட்டது. மனைவி ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பே இல்லையேப்பா."

"உனக்கு எவ்வளவு வேணும்?"

முப்பது வருடமாகக் கறிக்கு உப்புப் பார்த்துப் போடுகிற மனுசன் இன்று கேட்கிறானே என்று அவள் விநோதமாகப் பார்த்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஹைம் இருந்த நகரத்துப் பக்கம் காரில் போனேன். எல்லைப் பலகை நின்ற இடத்தை நிற்காமலே கடந்துவிட்டேன், கடந்தபின்தான் தெரிந்தது. விடுதி இருந்த இடத்தில் டயர்க் கடை. இராணுவ முகாம் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது, பால்கனிகளில் பூச்சட்டிகள். சலவைக் கடை இல்லை. இறகுச் சங்கத்து வயலில் சோளம், மாட்டுத் தீனிக்கு. வெர்னாவின் ஆட்கள் அந்த இடாப்பைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். தவம் பாரிஸில் என்றார்கள், பிறகு கனடா என்றார்கள், பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

என் கடிதம் கிடந்த கோப்பையும் இத்தனை வருடத்தில் கிழித்துப் போட்டிருப்பார்கள். ஊரில் தவத்தின் தகப்பனை அப்படிக் கூப்பிட்டவர்களும் பெரும்பாலும் போய்விட்டார்கள். கந்தன் என்ற அந்த வெட்டுப்பட்ட பெயரை இன்னும் வைத்திருப்பவன் அநேகமாக நான் ஒருவன்தான். கந்தசாமி என்பதைக் கொண்டுபோனவனைத்தான் காணவில்லை.