கேஸ் மட்டும்தான் கேட்டேனாம்

என் பதினைந்து வயதுக் காருக்கு இந்தக் கோடையில் மூன்றாவது முறையாக ஏசி கேஸ் ஏற்ற, இன்று சென்னையை அடுத்த படூரில் வழக்கமான மெக்கானிக்கிடம் போனேன்.

பானெட்டைத் திறந்தவர், "கண்டன்சர்ல ஓட்டை கீது சார். உப்புக் காத்து அரிச்சிடுச்சு, கேஸ் அது வழியாத்தான் போவுது" என்றார்.

"இப்பதான் ஓட்டையாச்சா?"

"இல்ல சார், மொத தபாவே பாத்தேன்."

"அப்பவே ஏன்யா சொல்லல?"

"நீங்க கேஸ் அடிக்கத்தான சொன்னீங்க? ஓட்டையப் பாக்கச் சொல்லலியே!"

முகத்தில் துளிக் கூச்சம் இல்லை. அதற்குள் கேஸ் குழாயைக் கையில் எடுத்துவிட்டார். "இப்ப அடிச்சிடவா சார்?"

கண்ணாடிகளை இறக்கிவிட்டு, வெந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

டயரில் ஆணியைப் பார்த்தும் வாயைத் திறக்காமல் காற்றடித்து அனுப்பும் பஞ்சர் கடைக்காரர் யாரையாவது தெரியுமா? சொல்லுங்கள், இவருக்குப் பார்ட்னர் தேவைப்படும்.