“காணும் போலை” என்றவர்

கதிர்காமநாதன் அண்ணை ஹோம்புஷில் எங்கள் வீட்டுக் கராஜுக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் இருந்தார். எங்கள் வீடு என்று சொன்னாலும் அது என் அக்கா சத்தியபாமாவின் வீடு. அக்காவின் கணவர் சிறிதரன் அத்தான் டொக்டர். அவருடைய சொந்தத் தமையன்தான் கதிர் அண்ணை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அக்காவின் குழந்தையைப் பார்ப்பதற்காக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கதிர் அண்ணை அனுராதபுரத்தில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து ரயில் பெட்டி கழுவினார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அங்கே அவருடைய வீடு எரிந்தது. மனைவி இரஞ்சிதமும் இரண்டு பெண் பிள்ளைகளும் வவுனியாவில் இரஞ்சிதத்தின் தமையன் வீட்டில், விறாந்தையில் படுத்தார்கள். அவர்களை இங்கே எடுப்பதற்கு நிலையான வேலையில் இருக்கிற ஒருவர் ஸ்பொன்சராகப் பொறுப்பு நிற்க வேண்டும். கதிர் அண்ணையின் வேலை நிலையானது அல்ல. ஆகவே தம்பிதான் நிற்க வேண்டும். தம்பி “பாப்பம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அத்தானிடம் ஒரு பழைய இங்கிலாந்துக் கார் இருந்தது. கறுப்பு நிறம், ஐம்பதுகளில் செய்தது, உள்ளே மரப்பலகை வைத்தது. கியரை மாற்றத் தேவையில்லை, தானாக மாறும். அதை வாங்கிய நாள் முதல் அடியில் ஒழுகியது. சிவப்பாக, பீற்றூட் அவித்த தண்ணீர்போல, சீமெந்தில் சொட்டு விழும். எழுபத்தெட்டில், அத்தானோடு வேலை செய்த தமிழ்நாட்டுக்காரர் வரதராஜன் டொக்டரின் மகளுக்கு பிளாக்டவுனில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை பாஸ்கருக்கு இங்கே சொந்தக்காரர் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் தங்கி, இந்தக் காரில்தான் மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு.

“அண்ணை, ஒழுக்கை நிப்பாட்டித் தாங்கோ. கல்யாணம் முடிய ஸ்பொன்சர் அலுவலைப் பாப்பம்,” என்றார் அத்தான்.

அப்படி ஒரு கெடுவைத் தம்பி வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. கதிர் அண்ணைக்கு முகமே மலர்ந்துவிட்டது. ஆனால் அவருக்குத் தெரிந்தது பஸ் கியர்பெட்டி. தானாக மாறுகிற பெட்டியை அவர் கையால் தொட்டதில்லை. வேலை முடிந்து வரும்போது, ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருந்த ஒரு கிரேக்கரிடம் அரைகுறை இங்கிலிஷில் கேட்டுக் கேட்டு வந்தார். பெட்டிக்குக் கீழே இருக்கும் தட்டத்தைக் கழற்றினால் ஒழுகாமல் நடுவில் வைத்திருக்கும் தக்கைத் தாள் இற்றுப்போயிருந்தது. புதிதாக வெட்டி வைத்துப் பூட்டினார். பிறகு வேறு இடத்தில் கசிந்தது. திரும்பவும் எல்லாவற்றையும் வடித்துக் கழற்றினார். கல்யாணத்தன்று, சனிக்கிழமை காலையில்தான் கடைசி ஆணியை இறுக்கிப் புது எண்ணெய் ஊற்றினார்.

“தம்பி, இனி எஞ்சினை ஸ்ராட் பண்ணோணும். ஓடவிட்டுச் சூடாக்கித்தான் இதிலை எண்ணெய் அளக்கிறது. பஸ் மாதிரி இல்லையாம்.”

அக்கா குசினி வாசலில் பஞ்சாங்கத்தோடு நின்றாள்.

“ஒம்பதிலை இருந்து பத்தரை மட்டும் ராகு காலம். மாப்பிள்ளை ஏறப்போற கார். இப்ப ஸ்ராட் பண்ண வேண்டாம்.”

“அது யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கம், பிள்ளை. இஞ்சை சூரியன் வேறை நேரத்துக்கெல்லோ எழும்புது. ராகுவும் விசா எடுத்தே வந்தவன்?”

மாப்பிள்ளை பாஸ்கர் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

“தாலி கட்டப்போறவனை வைச்சுக்கொண்டு பகிடி விடாதேங்கோ அண்ணை. உங்கடை வீட்டிலை நடந்தது காணாதே?”

வீடு எரிந்தது போதாதா என்றுதான் கேட்டாள். கதிர் அண்ணை கையைத் துணியில் துடைத்தார். அத்தானைப் பார்த்தார். அத்தானுக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. வெள்ளைக்காரர் முன்னால் அதைச் சொல்லிச் சிரிக்கிறவர். ஆனால் அன்றைக்கு கழுத்தில் ரையைக் கட்டிக்கொண்டே, “விடுங்கோ அண்ணை, அவளோடை ஆர் மல்லுக்கட்டுறது. எண்ணெய் காணுமோ காணாதோ, அதைச் சொல்லுங்கோ,” என்றார்.

எஞ்சின் ஓடாமலே கதிர் அண்ணை அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தார். துடைத்துவிட்டுத் திரும்ப விட்டுப் பார்த்தார். கோடு வரைக்கும் சிவப்பு ஏறியிருந்தது.

“காணும் போலை,” என்றார்.

எங்கள் பேச்சில் காணும் என்றால் போதும். போலை என்றால், எனக்கு நிச்சயமில்லை என்பது.

பத்தரை ஆனதும் அத்தான் காரை எடுத்தார். “பத்து நிமிசம் நிண்ட இடத்திலை ஓடவிடு தம்பி, நான் ஒருக்கா அளந்துபோட்டு விடுறன்,” என்று கதிர் அண்ணை எண்ணெய்த் தகரத்தோடு கூடவே நடந்து வந்தார். “முகூர்த்தம் போகப்போகுது” என்று அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டார். காரில் கதிர் அண்ணைக்கு இடம் இல்லை. அவர் உடுப்பும் சரியில்லை.

பாஸ்கர் முன்னால், நானும் அக்காவும் குழந்தையும் பின்னால் இருந்தோம். பரமட்டாவைத் தாண்டி ஒரு ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தது, கார் போகவில்லை. அத்தான் மிதிக்க மிதிக்க இரைச்சல்தான் கூடியது. பாத்திரம் அடிப்பிடித்ததுபோல ஒரு நாற்றம். பிறகு கார் மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகப் பாஸ்கர் தெருவில் இறங்கி நின்றான். கடைகளுக்குப் பாண் ரொட்டி கொண்டுபோகிற வான் வண்டி ஒன்று நிறுத்தி அவனை ஏற்றிக்கொண்டு போனது.

வரதராஜன் பெரிய மனிதர். “பரவால்ல டாக்டர், மாப்ள வந்துட்டாருல்ல,” என்றுதான் சொன்னார். ஆனால் சுற்றி நின்றவர்கள் பாண் வானைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அத்தானால் தாங்க முடியவில்லை. அன்று பின்னேரம் கராஜ் வாசலில் நின்று கேட்டார்.

“நீங்கள்தானே காணும் எண்டனீங்கள்?”

“காணும் போலை எண்டனான், தம்பி.”

“என்ன போலை? என்னை நடுரோட்டிலை விட்டுட்டு இப்ப போலை.”

எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மேலே போய்விடும், எஞ்சின் நின்றபோது கோடு வரைக்கும் காட்டிய அளவு பொய் என்று கதிர் அண்ணை விளக்க முயன்றார். அத்தான் அதற்குள் உள்ளே போய்விட்டார். அக்கா ஒன்றுமே நடக்காததுபோலக் குழந்தைக்குச் சோறு தீத்தினாள். ராகு காலம் என்ற சொல்லே அதற்குப் பிறகு அந்தக் கதையில் வரவில்லை.

கதையை அத்தான் விருந்துகளில் சொல்லப் பழகினார். “எங்கடை அண்ணை பஸ் டிப்போக்காரன். எண்ணெய் காணும் எண்டார், நம்பினன்.” ஸ்பொன்சர் பற்றி அண்ணை கேட்டபோது, “ஒரு காருக்கே பொறுப்பா நிக்கேலாத ஆளுக்கு நான் பொறுப்பு நிண்டு, நாளைக்கு என்னை ஆர் பாக்கிறது?” என்றார். கதிர் அண்ணை அந்தக் கிழமையே பிளாக்டவுனில் வேறு மூன்று பேரோடு ஒரு அறைக்குப் போனார். மாதம் ஒருமுறை வந்து கேட்பார். அத்தான் “பாப்பம்” என்பார்.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை வந்தார். வீட்டில் விருந்து. அவரைக் கதிரையில் இருக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

“மூத்தவள் கிரிஜாவுக்குத் தாய்மாமன் கலியாணம் செய்துவைச்சிட்டாராம். போன மாதம். வீட்டிலை குமர்ப்பிள்ளையளை வைச்சிருக்கப் பயமாம்,” என்றார்.

கிரிஜாவுக்கு அப்போது பதினேழு வயது.

“நல்ல விசயம்தானே அண்ணை,” என்றார் அத்தான், கையில் கோப்பையோடு. “இனி ரெண்டு பேருக்குத்தானே ஸ்பொன்சர். சுகம். பாப்பம்.”

“இனி வேண்டாம் தம்பி,” என்றார் கதிர் அண்ணை. “சின்னவளுக்கும் கலியாணம் பேசுகினமாம்.”

சாப்பிட்டுவிட்டுப் போகும்படி நான் மெதுவாகச் சொன்னேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று படியிறங்கிவிட்டார்.